ஒன்றரைக் கட்டையும் ஒரு ஜெனரேட்டரும்

கீபோர்டு வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு ரகசியம் உண்டு. இன்றைக்கு அதைப் போட்டு உடைத்துவிடுகிறேன். எங்களுக்கு ஒரே ஒரு சுருதியில்தான் வாசிக்க வரும். (சரி, எனக்கு மட்டும்தான். அந்தப் பாதிப் பேர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

பாடுகிறவர் எந்தச் சுருதியில் பாடினாலும் நான் விரலை வைப்பது ஒரே இடத்தில்தான், முதல் வெள்ளைக் கட்டையில், அதாவது ஒரு கட்டைச் சுருதியில். மிச்சத்தை ட்ரான்ஸ்போஸ் என்றொரு பட்டன் பார்த்துக்கொள்ளும். கூட்டல் குறியை ஒரு தடவை அமுக்கினால் கீபோர்டு மொத்தமும் அரைக் கட்டை மேலே ஏறிவிடும். கழித்தல் குறியை அமுக்கினால் இறங்கிவிடும். எத்தனை ஏறியிருக்கிறது என்று சின்னத் திரையில் எண் தெரியும். சபையில் இருக்கும் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. இந்தப் பட்டனை நம்பித்தான் நான் தாம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஏழு வருஷம் குப்பை கொட்டினேன்.

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ரஃபீக் மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே இருப்பான். பகலில் அவனுடைய வாப்பாவின் பாத்திரக் கடை, சாயங்காலம் கிட்டார். "மச்சான், பட்டன நம்பிகினு பொயப்ப ஓட்டாத. கரண்ட்டு போயி வந்துச்சின்னா அதுக்கு ஒண்ணியும் ஞாபகம் இருக்காது, பூஜ்யத்துல வந்து நிக்கும். ஒரு யூ.பி.எஸ்ஸாவது வாங்கி வை." நான் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எந்த மாசம் என்று நான் தெளிவாகச் சொன்னதில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் எனக்கு இருபத்தெட்டு வயது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பெண்ணைப் பெற்ற அத்தனை பேரும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருந்த சிறுசேரியைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறவன்தான் மாப்பிள்ளை. நான் சாயங்காலத்தில் சரிகை வைத்த கோட்டை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறுகிறவன். ஆறு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டேன். ஆறிலும் பஜ்ஜியோடு சரி.

ஏழாவது வீடு சேலையூர். பெண்ணின் பெயர் உமா. பார்த்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருந்தது என்று அவளுடைய சித்தி என் அம்மாவின் காதில் சொன்னார். முடிவு மட்டும் அவளுடைய அப்பா பரமசிவம் சார் கையில். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டில் சுருதிப்பெட்டி வைத்துப் பாடுகிறவர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி வேலை பாக்கறத ஒரு தடவ நேர்ல பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றார்.

இந்த இடத்தில் என் அம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அதுக்கென்னங்க, தாராளமா வாங்க. இந்த ஞாயித்துக்கிழமைகூட கீழ்க்கட்டளைல ஒரு ரிசப்ஷன்ல வாசிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். மண்டபம் அவர்கள் பிடித்தது. சாப்பாடு அவர்கள் போடுவது. அதற்கு என் அம்மா அழைக்கிறார்!

பரமசிவம் சார் வந்தார். அழைத்த மரியாதைக்கு, வண்ணத்தாள் சுற்றிய சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வரிசையில் நின்றார். முன்பின் தெரியாத மாப்பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்து, "நல்லா இருங்க" என்று வாழ்த்தி, நடுவில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை அவரைப் பெண் வீட்டார் என்று நினைத்திருப்பார். பெண் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்திருப்பாள். பிறகு சார் முதல் வரிசையில் என்னைப் பார்த்தபடி வந்து உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. பாட்டுக்குப் பாட்டு நைசாகப் பட்டனை அமுக்கி வாசித்தேன். அவரும் தலையாட்டினார். அத்தோடு கச்சேரி முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் எங்கள் குழுத் தலைவர் மோகன் அண்ணனுக்கு ஒரு பழக்கம். தனக்குத் தொண்டை கட்டினால் உடனே மைக்கில், "உங்கள்ல யாராவது பாடறீங்களா?" என்று கேட்டுவிடுவார். ரிசப்ஷன் என்றால் எப்படியும் ஒரு சித்தப்பா எழுந்து வருவார். அன்றைக்கு எழுந்து வந்தவர் பரமசிவம் சார்.

மேடை ஏறி, மோகன் அண்ணனிடம் பாட்டைச் சொல்லிவிட்டு, நேராக என்னிடம் வந்தார். "தம்பி, எனக்கு ஒன்றரைக் கட்டை. பாத்து குடுங்க."

ஒன்றரைக் கட்டை என்றால் எனக்குக் கூட்டல் ஒன்று. அமுக்கினேன். சுருதி கொடுத்தேன். பழைய சினிமாப் பாட்டு. தாளம் தொடங்குவதற்கு முன்னால் நீளமாக ஒரு தொகையறா வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார் பாருங்கள், சாப்பாட்டுப் பந்திக்கு இடம் பிடிக்கப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். அப்படியொரு குரல். எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் நாலு நிமிஷம் இவருக்குப் பின்னால் ஒழுங்காக வாசித்தால் போதும், உமா நமக்குத்தான் என்று மனசுக்குள் பத்திரிகையே அடித்துவிட்டேன்.

கரண்ட் போய்விட்டது.

போனால் போகிறது என்று நிறுத்துகிறவரா அவர்? மைக் செத்தது தெரியாமல், இருட்டில், கண்ணை மூடியபடி பாடிக்கொண்டே இருந்தார். சபையே அமைதியாகக் கேட்டது. அரை நிமிஷத்தில் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது. மைக் வந்தது. கீபோர்டுக்கும் உயிர் வந்தது. சரியாகத் தொகையறா முடிகிற இடம். நான் பத்து விரலையும் வைத்து, வயலின் கூட்டமே இறங்குகிற மாதிரி ஒரு வாசிப்பு வாசித்தேன் பாருங்கள்!

என் திரையில் பூஜ்யம். அவர் ஒன்றரைக் கட்டையில். நான் ஒரு கட்டையில். கிட்டார் தந்திக்குக் கரண்ட் போனாலும் சுருதி போகாது, அதனால் ரஃபீக்கும் ஒன்றரையில். அரைக் கட்டை வித்தியாசம் என்றால் சும்மா இல்லை. முன்வரிசையில் ஒரு மாமி காதைப் பொத்திக்கொண்டார். ரஃபீக் என் பக்கம் குனிந்து, "டேய், இன்னாடா வாசிச்சினுகீற? எந்த ஊர் சுருதிடா இது?" என்றான்.

பாவம், பரமசிவம் சார் தான்தான் தப்பு என்று நினைத்துவிட்டார். நல்ல பாடகர் அல்லவா, வாத்தியத்தோடு சேர வேண்டும் என்று சட்டென்று அரைக் கட்டை இறங்கி என்னிடம் வந்தார். அதே நேரம் நான் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டேன். பதறிப்போய்க் கூட்டலை அமுக்கி அவர் முன்பு இருந்த இடத்துக்கு ஏறினேன். இப்போது அவர் கீழே, நான் மேலே. அவர் ஏறினார். அவரைப் பிடிக்க நான் கழித்தலை அமுக்கி இறங்கினேன். அவர் இறங்கினார், நான் ஏறினேன். ஒரு பல்லவி முழுக்க நாங்கள் இரண்டு பேரும் மாடிப்படியில் ஒருவரையொருவர் தேடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு தடவைகூட ஒரே படியில் நிற்கவில்லை. ரஃபீக் கிட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டு மேலே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான்.

கடைசியில் அவர் பாட்டை நிறுத்தினார். மைக் முன்னால் கும்பிட்டார். "எல்லாரும் மன்னிக்கணும். வயசாயிடுச்சு, சுருதி நிக்க மாட்டேங்குது. தம்பி மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். சபை இரக்கப்பட்டுக் கை தட்டியது.

நானும் கை தட்டினேன். (ஆமாம். எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.) எழுந்து நின்று, "தப்பு என்னுடையது சார்" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். சொன்னால் உமா கிடைக்க மாட்டாள் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் கிடைக்க மாட்டாள் என்று, கூட வந்திருந்த அம்மாவின் மேல் வீடு வரைக்கும் எரிந்து விழுந்துகொண்டே போனேன்.

மூன்றாம் நாள் பரமசிவம் சார் போன் செய்தார். சம்மதமாம். அம்மா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே அதை எனக்குத் திருப்பிச் சொன்னார்: "நான் அன்னைக்கு மேலயும் கீழயுமா தடுமாறினேன். தம்பி ஒரு தடவகூட முகம் சுளிக்கல. நான் போன பக்கமெல்லாம் பின்னாலயே வந்தார். இப்படி அனுசரிச்சுப் போற பையன் கையில பொண்ணக் குடுத்தா கவலையில்லாம இருக்கலாம்."

கல்யாணம் ஆனது. எனக்கு ஒரே சந்தோஷம், ஒரு மாசம் வரை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சேலையூர் போயிருந்தபோது சுருதிப்பெட்டி துணி சுற்றிப் பரணில் இருப்பதைப் பார்த்தேன். "அப்பா இப்பல்லாம் பாடறதில்லங்க. அன்னைக்கு மண்டபத்துல பாடினதுதான் கடைசி" என்றாள் உமா. சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவர் என் இலையில் தானே நெய் ஊற்றும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

நாலு மாசம் கழித்து, வீட்டில் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது. வந்ததும் என் விரல் தானாகப் போய்க் கூட்டலை மூன்று தடவை அமுக்கியது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த உமா நிமிர்ந்தாள்.

"அது எதுக்கு அமுக்கறீங்க?"

"கரண்ட் போச்சுன்னா சுருதி பூஜ்யத்துக்குப் போயிடும். மறுபடி போடணும்."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு அப்பா பாடும்போதுகூட கரண்ட் போச்சுல்ல?"

நான் கீபோர்டை அணைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களே வந்து சொல்றீங்களா, நான் போன் பண்ணட்டுமா?"

அடுத்த அரை மணியில் சேலையூர். கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள், சாட்சிக்கு. மாமனார் முன்னால் கூட்டல் ஒன்று வைத்து, பிளக்கைப் பிடுங்கி, சொருகி, திரையில் பூஜ்யம் வருவதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் ஒன்றரையிலதான் இருந்தேனா?"

"ஆமாம் மாமா. நான் வந்து கெடுக்கற வரைக்கும் நீங்க சரி. நான்தான்…"

"இருட்டுலகூட?"

"இருட்டுலதான் ரொம்பச் சரியா இருந்தீங்க மாமா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். காலில் விழலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம், இடைவெளி இல்லாமல், ஒரே சுருதியில். அனுசரித்துப் போகிற பையன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேனே என்பதுதான் அதில் பல்லவி. திட்டி முடித்து, தண்ணீர் குடித்து, மாமியாரைக் கூப்பிட்டு, "பரண்லேந்து அந்தப் பெட்டிய எடு" என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. ராத்திரிச் சாப்பாடு வரை பாடினார். என்னை வாசிக்க விடவில்லை.

அதற்கு மறுநாளே யூ.பி.எஸ் வாங்கிவிட்டேன். என்ன பிரயோஜனம்? இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போய் வந்தால் எல்லோரும் வழக்கமாகச் சொல்கிற "அப்பாடா" கிடையாது. நான் குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, உமா, என் அம்மா, என் மகள் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்து ஒன்றாகக் கத்துவார்கள்: "கூட்டல் ஒண்ணு!" ஐந்தே நிமிஷத்தில் சேலையூரில் இருந்து போன் வரும். அங்கேயும் அப்போதுதான் கரண்ட் வந்திருக்கும்.

"மாப்பிள்ளை, போட்டாச்சா?"

"போட்டாச்சு மாமா."