சமமதிப்பில்லாத எச்சரிக்கை

அறிவு உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் விளையலாம். ஆனால் அது அறிவுதானா என்று முடிவு செய்யும் இடம் எங்கள் அலுவலகம் ஒன்றுதான். வெளிநாட்டுப் பட்டங்களின் சமமதிப்பு அலுவலகம், மூன்றாம் மாடி, லிஃப்டுக்கு எதிர்ப்புறம். லிஃப்ட் ஓடாது. ஏறி வரும்போதே பாதிப் பேர் தகுதி இழந்துவிடுவார்கள் என்பது அதன் கூடுதல் சிறப்பு. பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே துணைப் பதிவாளராக இருக்கிறேன். அரசு வேலை கேட்டு வரும் எந்த வெளிநாட்டுப் பட்டமும் என் மேசைக்கு வராமல் போனதில்லை. பல, என் மேசையை விட்டே போனதில்லை.

வேதியியல் அம்மாள் என்று நாங்கள் குறிப்பிட்டுவந்த ஒருவரின் கோப்பு அந்த இரண்டாம் வகை. அவரும் கணவரும் ஒரே விமானத்தில்தான் இந்த நாட்டுக்கு வந்தார்கள். கணவர் பஸ் ஓட்டுநர். ஒரு கண் பரிசோதனை செய்து, ஒரே காலையில் அவர் லைசென்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் நாற்பது உயிரை வைத்துக்கொண்டு ஓட்டுகிற வேலைதானே, அவ்வளவு போதும். மனைவியோ குடிநீர்ப் பரிசோதனையில் முதுகலைப் பட்டமும் பதினோரு ஆண்டு அனுபவமும் உள்ளவர். அதை அப்படி எடுத்தோம் கவிழ்த்தோம் என்று விட்டுவிட முடியாது.

நகரக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் அவர் கேட்ட ஆய்வாளர் பதவி மூன்று ஆண்டாகக் காலி. வாரா வாரம் தண்ணீர் நல்லது என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு, ஆள் வரும்வரை, எனக்குக் கூடுதலாக வந்து சேர்ந்திருந்தது. நான் படித்தது வரலாறு. தண்ணீருக்கும் வரலாறு உண்டு.

மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் வரவேண்டும் என்பது விதி. வந்தது. பிரித்த உறை செல்லாது என்பதும் விதி. ஆகவே பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது மதிப்பெண் பட்டியல்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். இப்படி மூன்று முறை. நான்காம் முறை அந்த அம்மாள் இரண்டு உறைகளோடு வந்தார்.

"ஒண்ண நீங்க பிரிச்சுப் பாருங்க சார். இன்னொண்ணப் பிரிக்காம வெச்சுக்குங்க."

இப்படி யோசிக்கிறவர்களை உள்ளே விடுவது நல்லதல்ல என்று அன்றே என் மனதுக்குப் பட்டது. இருந்தாலும் நான் நியாயமானவன். கோப்பு கமிட்டிக்குப் போனது.

கமிட்டியில் தலைவரையும் என்னையும் சேர்த்து ஐந்து பேர். அந்தப் படிப்பு இந்த நாட்டில் எந்தக் கல்லூரியிலும் கிடையாது; இல்லாத படிப்புக்கு எதைச் சமமாக வைப்பது? துறை வல்லுநர் ஒருவரிடம் கருத்துக் கேட்கத் தீர்மானித்தோம். நகரம் முழுக்கத் தேடியதில் அந்தத் துறை தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார். விண்ணப்பதாரரின் பெயரை மறைத்து, கோப்பை அவருக்கே தபாலில் அனுப்பினோம்.

மறுநாளே மூன்று மாடி ஏறி வந்துவிட்டார்.

"சார், இது என்னோட பட்டம்."

"பேரை மறைச்சிருக்கோமே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் படிச்சது சார்."

"அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரியாத மாதிரி மதிப்பிட்டு அனுப்புங்க."

வேறு வழியில்லாமல் எழுதினார். பன்னிரண்டு பக்கம். முழுத் தகுதி உண்டு என்றாலும், கிருமிப் பரிசோதனையில் ஆறு மணி நேரப் பயிற்சி குறைகிறது என்று தன் பட்டத்தின் மேலேயே ஒரு குறையும் எழுதியிருந்தார். அந்த நேர்மையைக் கமிட்டி மேசையைத் தட்டிப் பாராட்டியது. பிறகு, அறிக்கை எழுதிய வல்லுநரின் தகுதியைச் சரிபார்த்தோம். அவர் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை. ஆகவே அறிக்கை செல்லாது. ஆனால் குறையைச் சொல்லும் பத்தி மட்டும் செல்லும் என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஆறு மணி நேர வித்தியாசத்தில் விண்ணப்பம் தோற்றது.

அதே ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் குடுவை கழுவும் வேலை கிடைத்தது. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கழுவுகிற கை சும்மா இருக்காது போலிருக்கிறது. தண்ணீரையும் சோதித்துக் குறித்து வைப்பார். நான் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். எட்டு மாதம் இந்த நகரம் என் மேற்பார்வையில் நல்ல தண்ணீர் குடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பேனாவை எடுத்ததும், கையை வைத்துப் படிவத்தை மறைத்தார்.

"இந்த வாரம் கையெழுத்துப் போடாதீங்க சார். கிழக்குக் குழாயில சாக்கடை கலந்திருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"இத எந்தத் தகுதியில சொல்றீங்க?"

கோபப்பட்டார் என்று சொல்ல முடியாது. கையுறைகளைக் கழற்றித் தொட்டியின் ஓரத்தில் வைத்தார்.

"அந்தக் குழாயிலதான் சார் எம் பொண்ணு தண்ணி குடிக்கிறா."

அங்கீகரிக்கப்பட்ட தகுதிகளின் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். தாய் என்று அதில் எங்கும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அவர் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கிழக்குத் தெருக்களில் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். கணவர் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார். ஒருவர்கூடச் சான்றிதழைக் காட்டு என்று கேட்கவில்லை. பாமரத்தனம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது பாருங்கள். அத்தனை பேரும் அடுப்பை மூட்டினார்கள். நானூறு வீட்டில் ஒரு குழந்தைக்குக்கூட வயிறு வலிக்கவில்லை.

அந்தக் குழாய் முடிகிற இடத்தில் அதிகாரிகள் குடியிருப்பு. கமிட்டியின் ஐந்து பேரும் அங்கேதான் இருக்கிறோம். எங்கள் கதவுகளையும் அந்த அம்மாள் வந்து தட்டினார். மெனக்கெட்டு வந்து சொல்கிறவரை உள்ளே கூப்பிட்டு என்னவென்று கேட்டால்தான் என்ன என்றாள் என் மனைவி. கையெழுத்துப் போட்டவனே கொதிக்க வைத்துக் குடித்தால் அரசாங்கத்தின் மானம் என்ன ஆவது? பச்சைத் தண்ணீரையே குடிப்பது என்று ஐவரும் 'கொள்கை முடிவு' எடுத்தோம். மனைவி மட்டும் சமையலறையில் தனக்கென்று ஒரு பாத்திரம் கொதிக்க வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது, அரசு மருத்துவமனையின் ஏழாம் வார்டில். ஐந்து கட்டில், ஐந்து சலைன் பாட்டில், முழு வருகை. அவசரம் கருதி அவ்வப்போது ஒவ்வோர் உறுப்பினராக வெளிநடப்புச் செய்ததைத் தவிரக் கூட்டம் அமைதியாக நடந்தது. நகரில் பொதுமக்கள் எவருக்கும் நோயில்லை. ஆகவே நான் கையெழுத்திட்ட சான்று சரியானதே என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். எங்கள் ஐவருக்கும் வந்தது 'தனிப்பட்ட உபாதை'. அங்கீகாரம் பெறாமல் நானூறு குடும்பங்களைக் காப்பாற்றிய குற்றத்துக்காகக் குடுவை கழுவும் ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதென்றும் முடிவாயிற்று. இடது கையில் ஊசி. வலது கையால் உத்தரவில் நானே கையெழுத்துப் போட்டேன்.

அந்த நேரத்தில் மனைவி வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தாள்.

"கொதிக்க வெச்சதுதானே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அந்தம்மா சொன்ன மாதிரியே."

பக்கத்துக் கட்டில்களிலிருந்து, தலைவருடையது உட்பட, நான்கு டம்ளர்கள் நீண்டன. நீக்க உத்தரவின் மை காய்வதற்குள் ஐவரும் குடித்து முடித்தோம், அலுவல் சாராத முறையில்.