சங்குப்பட்டினத்தில் நான் திறந்து வைத்த கல்

சிவகாசி
24.6.2003

பாசமுள்ள ஞானசுந்தரி அக்காவுக்கு, உன் ஒரே தம்பி கனகசபாபதி கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் செல்லக்கனியும் பிள்ளை அனுப்பிரியாவும் ஏதோ இருக்கிறோம். அங்கே கோவையில் உன் ரத்தக் கொதிப்பும் அத்தானின் முழங்காலும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகின்றன என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நீதான் பேசுவாய். நான் உம் கொட்டி வைத்துவிட்டு, உன்னிடம் சொல்ல வந்ததைச் செல்லக்கனியிடம் சொல்லித் திட்டு வாங்குவேன். அதனால்தான் காலண்டர் ஆல்பம் வேலை தலைக்குமேல் கிடக்கும் இந்த ஆனி மாதத்தில் பிரஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். விஷயம் இதுதான். நீ பார்த்துக் கொடுத்த சங்குப்பட்டினத்து மாப்பிள்ளை நமக்கு வேண்டாம்.

அவசரப்பட்டுப் போனை எடுக்காதே. முழுக்கப் படி. உப்பள முதலாளி லட்சுமிகாந்தமும் அவர் மகன் ஸ்ரீராம்குமாரும் போன மாதம் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனது உனக்குத் தெரியும். பதிலுக்கு நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டைப் பார்க்கப் புறப்பட்டோம். பெண்ணைக் கூட்டிப் போவது வழக்கமில்லையே என்றேன். "நீங்களாப்பா அங்கன போயி இருக்கப்போறீக, நான்தான இருக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பிரியா முதல் ஆளாக வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் மொக்கைச்சாமி சாத்தூரில் நிறுத்தி, சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கக் காராச்சேவு வாங்கி வந்தான். கடற்கரை ஊராயிற்றே, கிணற்றுத் தண்ணீர் உப்பா, வீட்டுக்குள் காற்று வருமா, மாமியார் இல்லாத வீட்டில் சமையல் யார் என்று செல்லக்கனி கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக எனக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தாள். சாயங்காலம் வரை அவள் அந்த வீட்டு வாசல்படியைக்கூடப் பார்க்கவில்லை.

லட்சுமிகாந்தம் உப்பு விற்கிறார் என்று மட்டும்தான் நீ சொன்னாய். அவர் சங்குப்பட்டினம் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்பதை ஏன் சொல்லவில்லை? அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது வேறு விஷயம். ஊர் எல்லையிலேயே கையைக் காட்டி வேனை நிறுத்தி, "வாங்க சம்பந்தி, வீடு எங்கயும் ஓடிப்போகாது, மொதல்ல ஊரப் பாருங்க" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் பின்னால் மோட்டார் பைக்கில் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தான். முதலில் ஒரு முள்காட்டுக்குள் இறக்கிவிட்டார். அங்கே ஒரு கல். இவ்விடத்தில் டச்சுக்காரர் கப்பல் தரைதட்டியது என்று அதில் எழுதியிருந்தது. சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை கருவேலம்தான், கடலைக் காணோம். அந்தக் காலத்தில் கடல் இதுவரை இருந்தது என்று விளக்கம் சொன்னார். "பெறகு எதுக்கு அங்கன தள்ளிப் போச்சு" என்று செல்லக்கனி கேட்டதும் அவர் வேனில் ஏறிவிட்டார். அடுத்து ஒரு புளியமரம். கப்பலில் வந்த வெள்ளைக்கார துரை ஒருவர் உடல்நலக் குறைவால் மூன்று நாள் இதன் நிழலில் தங்கினார் என்று ஒரு பலகை. மொக்கைச்சாமி மரத்தைச் சுற்றி வந்து, "வயித்தால போயிருக்கும், தண்ணி அப்படி" என்றான். செல்லக்கனி என்னைப் பார்த்தாள். தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் கலங்கரை விளக்கம். நம் பிரஸ் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை விட ஒரு முழம் உயரம் இருக்கும். சாவி வைத்திருப்பவர் பல் பிடுங்கத் தூத்துக்குடி போய்விட்டதால் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்கப்புறம் பண்டகசாலை. சாலை போய்விட்டது, ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. அதற்கும் அப்புறம் காட்டியதை நீ நம்பமாட்டாய் அக்கா. இங்கே முன்னோர் நட்டிருந்த நினைவுக்கல் பழைய புயலில் காணாமற்போனது, அதன் நினைவாக இந்தக் கல் என்று ஒரு கல். கல்லுக்குக் கல் வைத்த ஊரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பசி வேறு. செல்லக்கனி பொறுத்துப் பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டுக்கு வாங்கிய காராச்சேவைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். சம்பந்தியும் கை நீட்டி வாங்கி, "சாத்தூர்ச் சேவு மாதிரி வருமா" என்று தன் சீரைத் தானே தின்றார்.

பண்டகசாலைச் சுவரிலும் ஒரு கப்பலைப் பற்றி எழுதியிருந்தது. நம் பிரஸ்ஸில் புரூப் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? "மாமா, முள்ளுக்காட்டுல இதே கப்பல டச்சுக் கப்பல்னு போட்டிருந்துச்சு. இங்கன போர்த்துக்கீசியக் கப்பல்னு இருக்கு" என்றாள் அனுப்பிரியா.

"அது வேற கப்பலும்மா."

"அதே பேரு, அதே வருசம்."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் மாப்பிள்ளை. அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். சம்பந்தி கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ கண் கலங்கி, "இந்த ஊருல ரெண்டு கல்லையும் படிச்ச மொத ஆளு நீதாம்மா" என்றார்.

இனிமேல் எழுதப்போவதை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே. எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். சர்க்கரைக்காரனுக்கு எது தாங்காது என்பதும் தெரியும். காலையில் குடித்த தண்ணீர், வழியில் குடித்த டீ, ஊர் எல்லையில் சம்பந்தி வாங்கிக் கொடுத்த இளநீர் எல்லாம் சேர்ந்து என்னைப் படுத்திக்கொண்டிருந்தன. ஒதுங்கலாம் என்றால் அந்த ஊரில் மறைவாக இருக்கும் எல்லா இடத்திலும் ஒரு வரலாறு நடந்திருக்கிறது. மரத்தடிக்குப் போனால் துரை படுத்த இடம். சுவரோரம் போனால் 'வரலாற்றுச் சின்னம், அசுத்தம் செய்யாதீர்.' கடைசியில் கடற்கரையில் வேன் நின்றபோது, சம்பந்தி மீன்காரர் ஒருவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இடிந்த குட்டிச்சுவர் ஒன்றின் பின்னால் போய்விட்டேன். அங்கே பச்சைத் துணி போர்த்தி இடுப்புயரத்துக்கு ஏதோ நின்றது. சிமென்ட் மூட்டையாக்கும் என்று நினைத்தேன். பாதியில் குனிந்து பார்த்தால் காலடியில் கறுப்பாக ஓடுகிறது. சர்க்கரை இந்த அளவுக்கு முற்றிவிட்டதா, பெண் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விடுவேனா என்று குலசாமியை வேண்டிக்கொண்டேன். நிமிர்ந்தால் கொஞ்ச தூரத்தில், வெள்ளைச் சட்டையோடு, என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நிற்கிறான். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கடலை ரசிக்க வந்தவன் மாதிரி நடந்து வந்தேன்.

சாயங்காலம் அதே குட்டிச்சுவர்ப் பக்கம் எங்களை மறுபடியும் கூட்டிப் போனார்கள். நாதஸ்வரக்காரர் ஒருவர், பஞ்சாயத்து ஆட்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம். சம்பந்தி எனக்கு மாலை போட்டு, மைக்கைப் பிடித்துப் பேசினார். அந்தக் காலத்தில் சங்குப்பட்டினத்து உப்பு பொதிமாட்டில் ஏறி விருதுநகர் போன பாதை இதுதானாம். அந்தப் பாதை வழியாகவே இப்போது ஒரு பெண் இந்த ஊருக்கு வரப்போகிறாளாம். அதற்கான நினைவுக்கல்லைச் சிவகாசித் தொழிலதிபர் கனகசபாபதி அவர்கள் திறந்து வைப்பார்கள் என்று சொல்லி, பச்சைத் துணியின் நுனியை என் கையில் கொடுத்தார். என் நிலைமையை நினைத்துப் பார் அக்கா. இழுத்தேன். செதுக்குகிறவர் வேறு வேலையாகப் போய்விட்டதால் எழுத்தை இப்போதைக்குக் கறுப்புச் சாயத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மேல் பாதி நன்றாக இருந்தது. கீழ் பாதியில் 'சிவகாசித் தொழி' வரைக்கும் இருந்தது. அதற்குக் கீழே என் பெயர் இருந்த இடத்தில் ஒரே கறுப்பு வழிசல். எனக்குச் சர்க்கரை முற்றவில்லை என்று தெரிந்துகொண்ட சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட நேரமில்லை. "மழை பெய்யலியே" என்று முணுமுணுத்துக்கொண்டே லட்சுமிகாந்தம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லைத் துடைக்கக் குனிந்தார். அந்த ஆள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதே துண்டால் முகத்தைத் துடைப்பவர். என்ன சொல்லித் தடுப்பது?

அப்போதுதான் மாப்பிள்ளை இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லின் தலையில் கவிழ்த்தான். கல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பொதிமாடும் போய்விட்டது, விருதுநகரும் போய்விட்டது. இதுவும் சடங்கு என்று நினைத்து நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் மாதிரி ஏதோ வாசித்தார், கூட்டம் கை தட்டியது. சம்பந்தி முழங்கால் வரை நனைந்து நின்றார்.

"ஏலே, கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு? என்ன காரியம்லே செஞ்சே?"

"தூசியா இருந்துச்சுப்பா."

"ஊருக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டியே. ஒன் கலியாணத்துக்கு வச்ச கல்லுலே இது."

பையன் தலையைக் குனிந்துகொண்டு அம்புட்டுப் பேச்சையும் வாங்கிக்கொண்டான். காரணத்தைச் சொல்லவே இல்லை. அதற்கப்புறம் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வீடு பெரிதா சிறிதா, காற்று வந்ததா இல்லையா, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவனே குழம்பு ஊற்றினான். "மாமா, இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கட்டா" என்று அவன் கேட்ட ஒவ்வொரு தரமும் எனக்கு வியர்த்தது. கிளம்பும்போது வேன் கதவைச் சாத்திவிட்டு, "வெயிலு அதிகம் மாமா, தண்ணி நெறையக் குடிங்க" என்று மெதுவாகச் சொன்னான். போதுமா? காலமெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எதிரே வந்து உட்காரப்போகிற மருமகன், என்னை எந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு அதை எப்படிச் சொல்லிக் காட்டுகிறான் பார். நல்ல பையன்தான், என் மானத்தைக் காப்பாற்றினான், மறுக்கவில்லை. காப்பாற்றியவன் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆகவே ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்துவிடு. உனக்கு அது கைவந்த கலை. அனுப்பிரியாவிடம் நான் எப்படியாவது சொல்லிக்கொள்கிறேன்.

அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்க நம் குலசாமி கண் பார்க்கட்டும்.

உன் சொல்லைத் தட்டாத தம்பி,
கனகசபாபதி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்துவிடாதே. கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு மிஷின் பக்கம் போய் வருவதற்குள் அனுப்பிரியா எடுத்துப் படித்துவிட்டாள். பென்சிலால் இரண்டு சந்திப்பிழை வேறு திருத்தியிருக்கிறாள். "அவரு ஒங்களப் பாக்கவே இல்லப்பா. நாதஸ்வரக்காரரு இன்னும் வரலைன்னு செல்போன்ல பேசிட்டு நின்னாரு. பாத்தது நான். வேன்ல இருந்து நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றாள். பின்னே அவன் எதற்குத் தண்ணீரை ஊற்றினான் என்று கேட்டேன். "நீங்க துணிய இழுத்ததும் நான்தான் அவருகிட்டச் சொன்னேன். அந்தக் கல்லு மேல ரெண்டு வாளித் தண்ணி ஊத்துங்கன்னேன். ஏன்னு கேக்கலப்பா. வாளியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அவுக அப்பா அம்புட்டு ஏசியும் என் பேரச் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் எதுக்குன்னு அவருக்குத் தெரியாது." சொல்லிவிட்டுப் புரூப் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன் அக்கா. செல்லக்கனி கேட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் நான் ஒரு செம்புத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. ஆவணியில் நல்ல நாளாகப் பார்த்து எழுது.