என்னை எதிர்த்துப் பேச ஓர் ஆள்

அன்று எனக்கு இருந்தது சின்ன வேலைதான். என்னை எதிர்த்துப் பேச ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும்.

தாராவியில் எங்கள் மன்றம் ஒரு பட்டிமன்றம் வைத்தது. தலைப்பு, 'மாநிலத்துக்கு அணுமின்சாரம் தேவையா?' பம்பாய்க்கு வடக்கே கடலோரத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த சமயம். டீக்கடையில்கூட அதே பேச்சு. தேவையில்லை என்று நான் பேசுவதாக ஏற்பாடு. அந்த மின்சாரம் வந்தாலும் மில் முதலாளிக்கும் மலபார் ஹில் பங்களாக்களுக்கும் போகும், தாராவிக்கு மிச்சமாவது சாம்பல்தான் என்பது என் கட்சி. இன்றும் அதுதான் என் கட்சி.

தேவை என்று பேசத்தான் ஆள் இல்லை.

"எதிர்த்துப் பேச ஆள் இல்லன்னா அது பட்டிமன்றம் இல்ல அண்ணாச்சி. உங்க வழக்கமான கூட்டம்" என்றார் மன்றச் செயலாளர். "அதுக்கு எவன் வருவான்?"

நான் மறியலில் போலீஸிடம் அடி வாங்கிய காலத்தில் இந்தச் செயலாளர் அரைஞாண் கயிற்றோடு ஓடிக்கொண்டிருந்த பையன். அதைச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. மாதுங்காவில் பெரிய ஹாலில் பம்பாய்த் தமிழர் ஆண்டுவிழா வரப்போகிறது. தாராவியிலிருந்து ஒரே ஒரு பேச்சாளருக்குத்தான் இடம். போன வருடம் 'புது ஆளுங்களுக்கும் வாய்ப்புக் குடுக்கணும்' என்று என்னைக் கழற்றி விட்டார்கள். இந்த வருடம், பட்டிமன்றத்தில் யார் கட்சி ஜெயிக்கிறதோ அவருக்குத்தான் மாதுங்கா மேடை என்று முடிவாகியிருந்தது. துண்டுப் பிரசுரம் படித்தே பேசக் கற்றவன் நான். அந்த மேடை எனக்கு வேண்டும்.

ஆகவே எதிரியைத் தேடிக் கிளம்பினேன்.

காலையில் மாதுங்காவில் டிராம்பே ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். அணு வேலைக்குப் போகிற நம்மவர்கள் நெற்றியில் விபூதியும் கையில் டிபன் டப்பாவுமாக வரிசையில் நிற்பார்கள். இவர்களை விட்டால் அணுவுக்காகப் பேச வேறு யார்?

முதலில் நின்றவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வரிசையை விட்டே சற்று விலகி நின்றார்.

"நான் கவர்ன்மென்ட் சர்வென்ட் ஸார். பப்ளிக்ல வாயைத் திறக்கப்படாது."

"அணுவுக்கு ஆதரவாத்தானே பேசப்போறீங்க?"

"ஆதரவாவும் பேசப்படாது. பர்மிஷன் வாங்கணும். பர்மிஷன் கேட்டா, இவன் ஏன் கேக்கறான்னு கேப்பா."

அடுத்தவர் தொண்டை சரியில்லை என்றார். அதற்கு அடுத்தவர், "பஸ் வந்துடுத்து" என்று சொல்லிவிட்டு வராத பஸ்ஸை நோக்கி ஓடினார்.

தெரிந்தவன் பேசக் கூடாது, தெரியாதவன் பேசலாம். நம் ஜனநாயகத்தை நினைத்தபடி தாராவிக்குத் திரும்பினேன்.

தெரியாதவர்களில் முதல்வர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். மளிகைக் கடை வைத்திருந்தார். அணுவைப் பற்றி அவருக்கு ஒரு எழவும் தெரியாது.

"எனக்கு எதுக்கு மாப்ள இந்தக் காலிபீலி வெட்டி வம்பு?" என்றார் அரிசி அளந்துகொண்டே. பிறகு படியை நிறுத்தினார். "மேடையில உம்மத் திட்டலாமா?"

"கண்ணியமாத் திட்டலாம்."

"ஊர் முன்னாடியா?"

"ஊர் முன்னாடிதான்."

"தங்கச்சியக் கட்டிக் குடுத்த நாள்லருந்து ஒரு சந்தர்ப்பம் வாய்க்கல. வாரேன் வே."

மச்சான் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஒரு வரி முடிவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். எனவே பேச்சை நானே எழுதி, நானே சொல்லிக்கொடுத்து, அவர் காதால் கேட்டுப் பாடம் பண்ணுவது என்று ஒப்பந்தம்.

தோற்பதற்கென்றே ஒரு பேச்சு எழுதிக்கொண்டு போனேன். சப்பென்று இருந்தது. திருப்தியோடு வாசித்துக் காட்டினேன்.

"இத யாரு எழுதினா?" என்றார் மச்சான்.

"நான்தான்."

"நெசமாவா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டத்தக் கட்டிப் போட்ட ஆளுன்னு ஊரே சொல்லிச்சே. வயசாயிட்டு மாப்ள. போட்டும், விடும்."

வீட்டுக்கு வந்து அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புதிதாக ஒன்று எழுதினேன். அது பேச்சு. நிலக்கரி வேகன் வராமல் மில் நின்றால் எத்தனை வீட்டில் உலை கொதிக்காது என்று ஆரம்பித்தேன். 'அடுப்பு சுடும் என்று தெரிந்துதானே நம் வீட்டுப் பெண்கள் தினமும் பற்ற வைக்கிறார்கள்? சுடும் என்பதற்காக அரிசியை ஊற வைத்தா தின்கிறோம்?' என்று ஓர் இடம். எழுதிவிட்டு நானே தலையாட்டினேன். என் ஆட்சேபங்கள் எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது. என் ஆட்சேபங்கள் என்னைவிட யாருக்குத் தெரியும்?

தினமும் கடையில் வைத்து முழங்கினேன். மச்சான் சீரகம் பொட்டலம் கட்டியபடி திருப்பிச் சொன்னார். சாமான் வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். சிலர் சாமான் வாங்காமலே கேட்டார்கள்.

புளி வாங்க வந்த ஓர் அம்மாள், "அந்தக் கரண்டு எப்பண்ணாச்சி நம்ம பக்கம் வரும்?" என்றார்.

"கட்டி முடிச்சதும் வந்துரும்மா" என்றேன். வாய்ப் பழக்கம். மேடைக்காரன் யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டான்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "நீங்க எந்தக் கட்சி? எங்க அண்ணன் கட்சியா?"

பட்டிமன்ற நாள் வந்தது. நடுவர் மாதுங்காவிலிருந்து வந்த ஒரு ரயில்வே பெரியவர். ரிடையர் ஆனவர். என் பேச்சை அதற்கு முன் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னார். தேவை என்கிற கட்சி முதலில் பேசட்டும் என்றார்.

மச்சான் மைக் முன்னால் போய் நின்றார். இரண்டு தரம் இருமினார்.

அது என் இருமல். பேச ஆரம்பிக்குமுன் நான் இருமுவேன், அது பேச்சில் சேர்த்தி இல்லை. காதால் பாடம் பண்ணின மனிதர் இருமலையும் சேர்த்துப் பாடம் பண்ணியிருக்கிறார்.

பிறகு துண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். என் துண்டு வீச்சு. நடுவில் சட்டென்று நிறுத்தி, கடைசி வரிசையைப் பார்த்து, "கேக்குதா? கேக்காதவன் கையத் தூக்கு" என்றார். கால் நூற்றாண்டாக என் பிழைப்பு அந்த ஒரு வரியில் நடந்துகொண்டிருந்தது. என்னைத் தெரிந்த தாராவிக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விசில் அடித்தது. அடுப்பு சுடும் இடம் வந்தபோது பெண்கள் பக்கம் கைதட்டல் நிற்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் நானும் தட்டினேன். நடுவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்து நான்.

மைக் முன்னால் நின்றதும் தொண்டை அரித்தது. இருமினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கை தானாகத் துண்டுக்குப் போனது.

நடுவர் மணியைத் தட்டினார். "எதிர்த் தரப்பைக் கேலி பண்றது சபைக்கு அழகில்லை. அவர் மாதிரி பண்ணிக் காட்டாம, உங்க பாணியில பேசுங்கோ."

"இதுதாங்க என் பாணி."

"அண்ணாச்சி, மளிகைக்காரரு மாதிரி வரல" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இருமலை விழுங்கினேன். துண்டைத் தொடவில்லை. தொடாவிட்டால் எனக்கு அடுத்த பத்தி வராது என்பது அன்றுதான் தெரிந்தது. எப்படியோ தேடிப் பிடித்து, "அணு உலையில மிஞ்சுற சாம்பலை எங்க கொண்டு கொட்டுவாங்க?" என்று கேட்டேன். அது என் பிரம்மாஸ்திரம்.

முன்வரிசையில் புளி வாங்கிய அம்மாள் எழுந்தார். "கரிச் சாம்பல இப்ப எங்க கொட்டுதாவ? நம்ம மூக்குலதான கொட்டுதாவ?" என்றார்.

பின்னும் கைதட்டல். ஒரு எழுத்து பிசகாமல் நான் எழுதிய வாக்கியம். அடுத்த கேள்விக்கும் பதில் முன்வரிசையிலிருந்தே வந்தது. மூன்றாவது கேள்வியை நான் முடிக்கவே இல்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது.

மாநிலத்துக்கு அணுமின்சாரம் தேவை என்று தீர்ப்பு. மாதுங்கா மேடைக்கு மச்சான்.

"உங்களுக்கு குரு யாரு?" என்று நடுவர் அவரைக் கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். "பேச்சு எல்லாம் பொறப்புலயே வாரதுதான் ஐயா" என்றார்.

பிறகு நான் கடைப்பக்கமே போகவில்லை. அவரே வீட்டுக்கு வந்தார். கையில் கருப்பட்டிப் பொட்டலம்.

"மாப்ள, ஒரு சங்கடம். மாதுங்காவுலயும் இதே தலைப்புத்தானாம். அணு வேணும்னு பேச அங்க வேற ஆளு இருக்கானாம். நான் வேண்டாம்னு பேசணுமாம்."

"அதுக்கு?"

"ஒண்ணு எழுதித் தாரும்."

எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? என் கட்சியாயிற்றே. சாம்பல், மலபார் ஹில், எல்லாவற்றையும் கொட்டி எழுதினேன். இருமாமல்தான் சொல்லிக்கொடுத்தேன்.

விழாவன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மச்சான் இருமினார். துண்டை வீசினார். மாதுங்கா ஹால் அதிர்ந்தது. அணுமின்சாரம் தேவையில்லை என்று ஆபீஸ் போகிற கூட்டமே ஒப்புக்கொண்டு கைதட்டியது. நான் ஆயுள் முழுக்கக் கத்திய கட்சி கடைசியில் மேடையில் ஜெயித்துக்கொண்டிருந்தது. எனக்கு இருமல் வந்துவிட்டது.

பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பினார்.

"அவர் இருமினா அதுல ஒரு அர்த்தம் இருக்கு ஸார். நீங்க வெளியில போய் இருமுங்கோ."