பிரதமருக்கு நான் எழுதிய உரை

பிள்ளைகளைப் பேச விடவேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்களை அவசரப்பட்டு நம்பாதீர்கள். நானும் அப்படி முழங்கியவள்தான்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் மாணவர் பாராளுமன்றத்தை என் தலையில் கட்டினார் பாடசாலை அதிபர். சிறுவர் உரிமை பற்றிய மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவள் நான் மட்டுமே. (மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.) சிறுவர் தினத்தன்று அமர்வைப் பார்க்க வலயக் கல்விப் பணிப்பாளர் வருவதாகச் செய்தி வந்தது. என் நியமனத்தை நிரந்தரமாக்கக் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. பிள்ளைகள் எதையாவது பேசித் தொலைத்தால் என் கதி என்ன?

ஆகவே கேள்விகளையும் நானே எழுதினேன், பதில்களையும் நானே எழுதினேன். பிரதமரான பத்தாந்தரத்துத் துசாந்தினி ஒத்திகையில் மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், பொம்பிளப் பிள்ளைகள்ட மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்ல. அதையும் பேசட்டா?”

“பெரியாக்கள் வாற இடத்தில என்னகா இந்தக் கதை? எழுதித் தந்தத மட்டும் வாசி.”

அப்படியே வாசித்தாள், ஒரு எழுத்து விடாமல்.

“எங்கள் குரலுக்கு இப்பாடசாலையில் என்றும் தடையில்லை. அடைப்புக்குறிக்குள், இங்கே கண் கலங்கவும், கைதட்டல் ஓயும்வரை காத்திருக்கவும்.”

காத்திருந்தாள். கைதட்டல் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆறாந்தரத்தில் கிளம்பி ஆசிரியர் வரிசை வரைக்கும் வந்துவிட்டது. அதிபர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே எழும்பிப்போய் வாவிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

பணிப்பாளர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

“தாள வெச்சிட்டுச் சொல்லுங்க மகள். உங்களுக்கு என்ன வேணும்?”

“கொண்டி, சேர். ரெண்டு தவணையாக் கேக்கிறம். ஒராள் உள்ள போனா இன்னொராள் வெளிய கதவப் பிடிச்சிக்கொண்டு நிக்கணும். ஆளில்லாட்டி வீட்ட போகுமட்டும் அடக்கிக்கொண்டு இரிக்கிற.”

அவள் கண் கலங்கவில்லை, எனக்குத்தான் கலங்கியது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் மணி அடிக்குமுன்பே கதவுக்குக் கொண்டி பூட்டியாயிற்று. சில வாரம் கழித்து என் நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டபடியே பணிப்பாளர் சொன்னார்.

“நல்லா எழுதுறீங்க டீச்சர். இனி எழுதாதீங்க.”

இதை வீட்டில் சொன்னது என் அடுத்த பிழை. இன்றைக்கும் “லீவுக்கு எங்க போவம், எல்லாரும் விருப்பத்தச் சொல்லுங்க” என்று நான் வாய் திறந்தால் போதும், மகள் கையை நீட்டுவாள்.

“தாங்கம்மா, என்ட விருப்பம் எழுதின தாள. வாசிச்சிட்டுப் போறன்.”