ஐந்து ஒன்றுகளும் ஒரு மல்லாட்டையும்

செஞ்சி,
14-9-1964

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, செஞ்சி கடைத்தெரு பார்சுவநாதன் தாயார் மருதேவி எழுதிக்கொண்டது. இங்கே மழையும் சுகமும் பரவாயில்லை. தாங்களும் சுகமாக இருக்க வேண்டும், இதைப் படித்து முடிக்கிற வரையிலாவது.

அன்றைக்கு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன், பேத்தி பத்மினி, எதிர்வீட்டு அம்மாக்கண்ணு. பத்மினியைப் பெண் பார்க்க வல்லத்திலிருந்து வந்தவர்கள்: கணக்கு வாத்தியார் சாந்திநாதன், அவர் சம்சாரம் ருக்மணி, மாப்பிள்ளைப் பையன் தர்மதாஸ். யார் எந்தப் பாயில் உட்கார்ந்தார்கள் என்பதும் தெரியும், கேட்டால் எழுதுகிறேன்.

11111 என்ற எண்ணை ஒன்றாலும் அதே எண்ணாலும் தவிர வேறெதனாலும் மிச்சமில்லாமல் வகுக்க முடியாது என்று உங்கள் 'கணக்கு மூலை'யில் போட்டீர்களே, அதை வாத்தியார் பெருமையாகப் படித்துக் காட்டினார். பத்மினி சும்மா இருக்காமல் ஸ்லேட்டில் மூன்றிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து, "நாப்பத்தொண்ணுல போவுது மாமா, இருநூத்தி எழுபத்தொரு தரம்" என்றாள். "அச்சுல வந்ததையே தப்புன்றியா? இந்த வாயி நம்ம வூட்டுக்கு ஆவாது. எழுந்திரு ருக்மணி" என்று அவர் ஸ்லேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்ப, எனக்கு வந்ததே கோபம். "நான் மூணாங்கிளாஸு. அச்சு தெரியாது, எண்ணத் தெரியும். குந்துங்க எல்லாரும்!" என்று உரித்த மல்லாட்டை மூட்டையை, உங்கள் ஊரில் வேர்க்கடலை என்பீர்கள், கூடத்தில் கவிழ்த்தேன். வாத்தியாரே பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்றை எண்ணி எடுத்தார். பிறகு வரிசைக்கு நாற்பத்தொன்றாக அடுக்கினோம். அடுக்களையில் வடையும் பாயசமும் ஆறுகின்றன. சம்மதம் ஆகாத பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதென்று வாத்தியார் ஒருவரையும் சாப்பிட விடவில்லை. இருநூற்றெழுபது வரிசை சரியாக வந்தது. கடைசி வரிசை நாற்பதோடு நின்றுவிட்டது! "பாத்தீங்களா, இடிக்குது!" என்று அவர் குதிக்க, பொழுதும் சாய்ந்தது. நாங்கள் சமணர், விளக்கு வைத்தபின் எங்கள் சனங்கள் சாப்பிடுவதில்லை. அவர்கள் பட்டினியாக பஸ் ஏற, வடையெல்லாம் அம்மாக்கண்ணு வீட்டுக்குப் போனது. மறுநாள் அவள் உப்பு கம்மி என்றதையும் மறக்க மாட்டேன். பத்மினி ஸ்லேட்டை இன்னும் மடியைவிட்டு இறக்கவில்லை.

ஒன்றை யாரோ எடுத்திருக்கிறார்கள். அம்மாக்கண்ணுக்குப் பல்லில்லை. ருக்மணி முந்தானையை மூன்று தரம் உதறினாள், அவள்தான். ஆகையால் பத்மினி கணக்கே சரி என்று அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் போட்டு, நின்றுபோன சம்பந்தத்தைச் சேர்த்துவைக்க வேண்டியது. தங்கள் குடும்பத்துக்கு என் ஆசீர்வாதம். கணக்கு மூலை எழுதினவருக்குக் கிடையாது.

இப்படிக்கு,
மருதேவி

பின்குறிப்பு: மறுப்பு எதுவும் போட வேண்டாம். உறை ஒட்டும்போது அந்தப் பையன் பஸ்ஸில் வந்து இறங்கினான். "பசி தாங்கல ஆயா. ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுக்கினேன். நைனாவுக்குப் பயந்து அன்னிக்கி சொல்லல. இப்ப சொல்லிட்டேன்" என்றான். மகன் பெண் வீட்டில் வாய் நனைத்துவிட்டான் என்றதும் இனி சம்மதம்தான் என்றாராம் வாத்தியார். தை மாதம் கல்யாணம். சம்பந்தி முகம் பத்திரிகையில் வாடக் கூடாது. உங்களை மன்னித்தேன், ருக்மணியையும் மன்னித்தேன். பத்மினியும் சிரித்து மன்னித்துவிட்டாள். என் பேத்தி தலைகுனிந்து நிற்கையில் மென்றுகொண்டே உட்கார்ந்திருந்த ஒருவனை மட்டும் பேரன் பேத்தி எடுத்தாலும் நான் மன்னிப்பதாயில்லை: தர்மதாஸ்.