ஆசிரியர் வழங்கிய மூடுபனி

தம் சுகத்தைத் துறந்து பிறர் சுகத்துக்காக வாழ்ந்த மகான்களின் வரிசையில், அந்த ஆரோக்கிய மாத இதழின் ஆசிரியரைச் சேர்க்காவிட்டால் வரிசையையே கலைத்துவிடலாம். விளம்பரதாரர் ஒருவர் அவருக்கென்றே ஒரு மெஷின் பரிசளித்தார். ஏசி அறையில் காற்று வறண்டுபோகாமல், தண்ணீரை மூடுபனியாகப் பீய்ச்சும் மெஷின். ஆசிரியர் அதைத் தம் அறையில் ஒரே ஒரு மாதம்தான் வைத்திருந்தார். பிறகு, “நல்ல காத்து எல்லாருக்கும் பொது!” என்று சொல்லி, தாமே ஊழியர்களின் ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

மாதந்தோறும் ‘சிறந்த ஊழியர்’ அந்த மெஷினுக்கு நேர் எதிரே உட்காரலாம் என்று விதி வகுக்கப்பட்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே தெரியாத பிழை திருத்துநர்தான் ஒவ்வொரு மாதமும் ஜெயித்தார்.

மெஷினுக்குப் ‘பராமரிப்புக் குழு’ ஒன்றும் உண்டு. தண்ணீர் குறைந்தால் குழு ஊற்றும். பழைய தண்ணீரைக் கொட்டித் தொட்டியைக் கழுவுவதா வேண்டாமா என்ற விவகாரம் மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒருநாள் குப்பென்று வாடை அடித்தபோது குழு போர்க்கால வேகத்தில் இயங்கி, தொட்டியில் ரோஜா வாசனை எண்ணெயை விட்டது.

பிழை திருத்துநர் திங்கட்கிழமை காலையில் தெம்பாக வந்து உட்காருவார். மதியத்துக்கு மேல் வறட்டு இருமல். சாயங்காலம் குளிர் நடுக்கம், காய்ச்சல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இறுக்கம். ஞாயிற்றுக்கிழமை மகளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏறிய மனிதர், வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு ஏற முடியாமல் நடுப்படியில் நின்றார். அவருக்குப் பயமாக இருந்தது.

“ஏங்க, உங்க இருமலுக்கும் சனி, ஞாயிறு லீவா?” என்று கேட்ட மனைவிதான் அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார், இருமலின் லீவுக் கணக்கையும் விசாரித்தார். “இது சாதாரண நிமோனியா இல்லை. நீங்க மூச்சுல இழுக்கற ஏதோ ஒண்ணு உங்க உடம்புக்கு ஆகலை. அதை விரட்டறேன்னு நுரையீரலையே புண்ணாக்கிக்குது. ஆபீஸ்ல புறா கூடு கட்டியிருக்கா? அந்தத் தூசியும் இப்படிப் பண்ணும்.”

“இல்லை சார். ஆபீஸ்ல ஒரு மெஷின் இருக்கு. ரோஜா வாசனையா பனி பீய்ச்சும்.”

“தண்ணியை எப்ப மாத்தினாங்க?”

“அது அடுத்த கூட்டத்துல...”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “தேங்கின தண்ணியில பூஞ்சை வளரும், கிருமி வளரும். பனியோட பனியா உள்ளே போயிடும். எல்லாருக்கும் ஒண்ணும் ஆகாது. அபூர்வமா சிலருக்கு இப்படிப் பிடிச்சுக்கும். மருந்து தரேன். ஆனா அந்த மெஷின் பக்கம் போகாம இருக்கறதுதான் வைத்தியம். இப்படியே விட்டா நுரையீரல் தழும்பாயிடும். அப்புறம் நான் இல்லை, யார் வந்தாலும் மாத்த முடியாது.”

‘நுரையீரல் சிறப்பிதழ்’ வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஹாலில் அவசரக் கூட்டம் கூடியது. பிழை திருத்துநர் தள்ளி வாசலோரமாக நின்றபடி விஷயத்தைச் சொன்னார்.

“வீட்டுல நல்லா இருக்கீங்க, ஆபீஸ் வந்தா மட்டும் இருமறீங்க. எங்க காலத்துல இதுக்குப் பேரு சோம்பேறித்தனம்!” என்றார் ஆசிரியர். டாக்டர் எதை வைத்து நோயைக் கண்டுபிடித்தாரோ, அதையே வைத்து ஆசிரியர் சோம்பலைக் கண்டுபிடித்துவிட்டார். சபை சிரித்தது. “இத்தனை பேரு கல்லு மாதிரி இருக்காங்க. மெஷின் இங்கேதான் இருக்கும். ஆகலைன்னா நீங்க வேற வேலை பார்த்துக்கலாம்.”

வேலையும் வேண்டும், மூச்சும் வேண்டும். பிழை திருத்துநர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். “ஒரே ஒரு வாரம் சார். மெஷின் பழையபடி உங்க ரூம்லயே இருக்கட்டுமே?”

ஆசிரியர் பதறி எழுந்தார். “ஐயோ, அது மட்டும் வேண்டாம்! அந்த ஒரு மாசம் காய்ச்சலும் இருமலுமா நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்! அதனாலதானே இங்கே தள்ளினேன்!”

மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். மெஷின் பாட்டுக்கு ரோஜா மணக்கப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் கூட்டம் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பிழை திருத்துநர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். சாயங்காலம் சிறப்பிதழின் தலையங்கம் அங்கே வந்து சேர்ந்தது. ‘தமக்கு வந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஊழியர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர் நம் ஆசிரியர்’ என்று உதவி ஆசிரியர் உருகியிருந்தார்.

எழுத்தெண்ணிப் படித்தும் அதில் ஒரு பிழைகூட அகப்படவில்லை.