பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடம்

கல்வி இலாகா நம் டீச்சரை நேசித்ததைப்போல் உலகில் எந்த இலாகாவும் ஓர் ஊழியரை நேசித்ததில்லை. சில நாள் பார்க்காவிட்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது; உடனே 'பயிற்சி'க்கு அழைத்துவிடும்.

அந்தக் குக்கிராமப் பள்ளியில் தலைமையாசிரியை, உதவியாசிரியை, மணி அடிப்பவர் எல்லாம் அவரே. எனவே பயிற்சிக்குக் கிளம்புமுன் உதவியாசிரியை பணிவுடன் அனுமதி கேட்பார். தலைமையாசிரியை முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுப்பார். பிறகு இருவருமாகப் பள்ளியைப் பூட்டிவிட்டு ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள், ஒரே டிக்கெட்டில்.

மாணவர்கள் இருவர். ஊரே 'வாயாடி' என்றழைக்கும் அக்கா, அவள் தம்பி. அவர்கள் வரும்வரைதான் பள்ளி.

அன்று வகுத்தல் கணக்கைப் பாதியில் விட்டு டீச்சர் பையைத் தூக்கினார்.

"மறுபடியுமா டீச்சர்? போன மாசமும் இதே கணக்குலதான் நின்னோம்."

"இது முக்கியமான பயிற்சிடி."

"என்னவாம்?"

டீச்சர் தொண்டையைச் செருமினார். "டீச்சருங்க வகுப்பை விட்டு நகராம பாடம் நடத்துறது எப்படின்னு."

வாசலில் பிள்ளைகளின் அம்மா, தையற்காரி, வழிமறித்தாள். "உங்க மேல கோபமில்ல டீச்சர். ஆனா இப்படியே போனா ரெண்டையும் டவுன் ஸ்கூல் வேன்ல ஏத்திடுவேன்."

"ஐயோ, ஏத்திடாதீங்கம்மா! இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கங்க. வந்ததும் வகுத்தலை முடிச்சிடுறேன்."

பயிற்சி மண்டபத்தில் டீச்சர் எழுந்து கேட்டேவிட்டார். "சார், ஊர்ல ரெண்டு பசங்க எனக்காகக் காத்திருக்காங்க. இன்னிக்கே விட்டீங்கன்னா..."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, இதுதான் அர்ப்பணிப்பு! இவங்க அனுபவத்தை அடுத்த குழுவும் கேக்கணும். இன்னொரு வாரம் இருங்கம்மா."

இருந்தார். ஊர் திரும்பியபோது எதிரே ஒரு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஜன்னலில் வாயாடியின் தலை.

"டீச்சர்! எனக்கு வகுத்தல் வந்துடுச்சு!"

சிரிப்பதா அழுவதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

இலாகா கலங்கவில்லை. 'மாணவர்களின் ஆர்வமின்மை காரணமாக' பள்ளியை மூடியது. பயிற்சிக்கு ஒருநாளும் மட்டம் போடாத டீச்சரைப் 'பயிற்றுநர்' ஆக்கிக் கௌரவித்தது.

முதல் வகுப்பு. தலைப்பு: 'பிள்ளைகளைத் தக்கவைப்பது எப்படி?' மண்டபம் கொள்ளாத கூட்டம். அத்தனைபேரும் ஒற்றை ஆளாகப் பள்ளி நடத்துகிறவர்கள். டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இப்ப உங்க பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறது யாரு?"

பின்வரிசையிலிருந்து அதிகாரி பதறியெழுந்தார்.

"அதை இப்பக் கேக்காதீங்க டீச்சர்! அதுக்கு அடுத்த மாசம் தனியா ஒரு பயிற்சி வச்சிருக்கோம்."